பறிக்கும் கையும் கொடுக்கும் கையும்

தமிழில் 'பறித்தல்' என்ற சொல்லுக்கு இரண்டு முகம். மல்லிகை பறிப்பதும் பறித்தல்தான், வழிப்பறியும் பறித்தல்தான். கத்தரிக்காயைப் பறித்தேன் என்று ஒருவர் சொல்லும் அதே வாயால், என் நிலத்தைப் பறித்துக்கொண்டார்கள் என்றும் சொல்கிறார். செடியிலிருந்து வருவதை வாங்கிக்கொள்வதற்கும், இன்னொருவர் கையிலிருந்து பிடுங்குவதற்கும் நாம் ஒரே வினையை வைத்திருக்கிறோம். 'கொய்தல்' என்று சொல்லிவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் இந்தச் சிக்கல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஐரோப்பிய ஓவியத்தில் பழம் பறிக்கும் காட்சி பல நூற்றாண்டுகளாக இந்த இரண்டு அர்த்தங்களுக்கு நடுவில்தான் ஊசலாடி வந்திருக்கிறது. நீளும் கை திருடுகிறதா, பெற்றுக்கொள்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி.

முதலில் ஏவாள். வேறு எங்கிருந்தும் தொடங்க முடியாது.

அவள் "அதின் கனியைப் பறித்து, புசித்து" என்கிறது தமிழ் வேதாகமத்தின் ஆதியாகமம் மூன்றாம் அதிகாரம். மூல எபிரேயத்தில் இருப்பது 'எடுத்தாள்' என்ற மிகச் சாதாரணமான வினை. மரத்திலிருந்து எடுப்பது என்பதால் தமிழாக்கியவர்களுக்குப் 'பறித்து' என்று வந்திருக்கிறது. அதன் இரண்டாவது அர்த்தமும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. அது என்ன கனி என்று அந்த அதிகாரம் சொல்லவே இல்லை. யூத மரபில் அத்தி என்றவர்கள் உண்டு, திராட்சை என்றவர்கள் உண்டு, கோதுமை என்றுகூடச் சொன்னவர்கள் உண்டு. மேற்கு ஐரோப்பாவில் அது ஆப்பிளாக நிலைத்ததற்கு லத்தீன் மொழியும் கை கொடுத்தது. லத்தீனில் தீமைக்கும் ஆப்பிளுக்கும் எழுத்தில் ஒரே சொல்தான். முதல் எழுத்து குறிலா நெடிலா என்பது மட்டும்தான் வித்தியாசம்: 'மலும்' என்றால் தீமை, 'மாலும்' என்றால் ஆப்பிள். குறில் நெடில் மாறினால் பொருள் மாறும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஓவியர்கள் எல்லோரும் ஆப்பிளுக்குக் கட்டுப்பட்டவர்கள் இல்லை. 1432இல் முடிந்த கெண்ட் பலிபீட ஓவியத்தில் யான் வான் ஐக்கின் ஏவாள் கையில் இருப்பது தோல் கரடுமுரடான, சிறிய எலுமிச்சை இனப் பழம். சிஸ்டைன் தேவாலயத்தின் விதானத்தில், 1508க்கும் 1512க்கும் இடையில், மைக்கேலாஞ்சலோ வரைந்தது அத்திமரம். அந்தப் படத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். பாம்பு கொடுப்பதை ஏவாள் உட்கார்ந்தபடி திரும்பி வாங்குகிறாள். ஆதாமோ எழுந்து நின்று, கிளையைத் தானே எட்டிப் பிடிக்கிறான். யாரும் அவனுக்குக் கொடுக்கவில்லை. வேதாகம வரியில் பறிப்பவள் அவள். படத்தில் எட்டிப் பறிக்கப் போகிறவன் அவன். ஒரு கையின் திசையை மாற்றியதால் குற்றத்தின் பங்கு மாறிவிடுகிறது.

1550 வாக்கில் டிஷியன் வரைந்தது இதற்கு நேர் எதிர். மாட்ரிட் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த ஓவியத்தில் ஏவாள் மேலே கையை நீட்டுகிறாள், குழந்தை உடல் கொண்ட பாம்பு பழத்தைத் தருகிறது, ஆதாம் அவளைத் தடுக்கக் கை வைக்கிறான். குற்றம் மொத்தமும் ஒரு பெண்ணின் தூக்கிய கைக்குப் போய்விட்டது. மேலே நீளும் பெண்ணின் கை என்றாலே ஐரோப்பியக் கண்ணுக்கு இதுதான் முதலில் தோன்றும் என்கிற அளவுக்கு இந்தப் பிம்பம் ஊறியிருந்தது. பின்னால் வரப்போகும் ஒரு விஷயத்துக்கு இது தேவை.

இதற்கு ஒரு மாற்றுக்கதையும் கிறிஸ்தவ மரபுக்குள்ளேயே இருந்தது. எகிப்துக்குத் தப்பிப் போகும் வழியில் மரியாள் களைத்து ஒரு பேரீச்சை மரத்தடியில் உட்கார்கிறாள். பழம் வேண்டும் என்கிறாள். மரம் இவ்வளவு உயரமாக இருக்கிறதே என்கிறார் யோசேப்பு. மடியில் இருக்கும் குழந்தை மரத்தைப் பார்த்து வளையச் சொல்கிறது, மரம் வளைகிறது. வேதாகமத்தில் சேராத, ஆனால் இடைக்கால ஐரோப்பாவில் பரவலாக அறியப்பட்ட கதை இது. திருக்குர்ஆனின் மர்யம் அத்தியாயத்திலும் பேரீச்சை வருகிறது. பிரசவ வேதனையில் இருக்கும் மர்யமிடம், அடிமரத்தை உன் பக்கம் உலுக்கு, பழம் உதிரும் என்று சொல்லப்படுகிறது.

கொரெஜ்ஜோ 1528-30 காலத்தில் வரைந்து இன்று பார்மா நகரில் இருக்கும் ஓவியத்தில், தேவதூதர்கள் மேகத்துக்குள்ளிருந்து பேரீச்சையை வளைக்கிறார்கள். யோசேப்பு ஒரு கையை மரத்துக்கு நீட்டி, மறுகையால் குழந்தைக்குப் பழம் தருகிறார். பரோச்சி 1570களின் தொடக்கத்தில் வரைந்ததில் பேரீச்சை போய்ச் செர்ரி வந்துவிட்டது. செர்ரிக் கொத்தைக் குழந்தையிடம் நீட்டும் யோசேப்பைப் பார்த்தால், தோட்டத்திலிருந்து திரும்பிய எந்த அப்பாவையும் பார்ப்பது மாதிரி இருக்கும். ஏதேனில் விலக்கப்பட்ட கனி. இங்கே மரமே குனிந்து கொடுக்கும் கனி. முதல் கதையின் கடனை இரண்டாவது கதை அடைக்கிறது என்று அந்தக் காலத்து விசுவாசிகள் படித்தார்கள். ஆனால் மரம் குனிய ஓர் அற்புதம் தேவைப்பட்டது என்பதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் கோயா. 1786இல் ஸ்பெயின் அரண்மனைக்காக அவர் பருவகாலங்களை வரைந்தார். திரைச்சீலை நெய்கிறவர்களுக்கு மாதிரியாக வரையப்பட்ட பெரிய படங்கள் அவை, எல் பார்தோ அரண்மனையில் இளவரசரின் உணவு அறைக்கு. இலையுதிர்காலத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது திராட்சை அறுவடை. மஞ்சள் உடையில் உட்கார்ந்திருக்கும் கனவான் ஒரு சீமாட்டிக்குக் கறுப்புத் திராட்சைக் கொத்தை நீட்டுகிறார். நமக்கு முதுகைக் காட்டி நிற்கும் சிறுவன் அதற்காக எம்புகிறான். தலையில் கூடையோடு ஒரு உழைக்கும் பெண் நேராக நிற்கிறாள். இவர்களுக்குப் பின்னால் தூரத்தில், குனிந்த முதுகுகளாக, பறிக்கிறவர்கள். பறிக்கும் கை ஒன்றுகூட நமக்குத் தெளிவாகக் காட்டப்படவில்லை. முன்வரிசையில் இருப்பவை எல்லாம் கொடுக்கும் கை, வாங்கும் கை, எட்டும் கை. இதைக் கோயா குற்றச்சாட்டாக வரைந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அரண்மனைக்குப் பிடித்தமான, வெயில் இதமான படம்தான் அது. ஆனால் யார் பறிப்பது, யார் சாப்பிடுவது என்ற கேள்வி, தலையில் கூடையோடு சிலை மாதிரி நிற்கும் அந்தப் பெண்ணின் உருவத்தில் இருந்துகொண்டே இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் இருப்பவர்கள் பார்க்கும்படி வைக்க வேண்டிய படம் என்பதையும் சேர்த்து யோசித்தால் இன்னும் கனக்கிறது.

நூறு ஆண்டு கழித்துப் பிஸாரோ அந்தத் தூரத்து முதுகுகளை முன்னால் கொண்டுவந்தார். அவர் வரைந்த 1888ஆம் ஆண்டு ஆப்பிள் அறுவடை இன்று அமெரிக்காவின் டாலஸ் நகரில் இருக்கிறது. நீளக் கம்போடு ஓர் ஆண் கிளையைத் தட்டுகிறார், பெண்கள் குனிந்து பொறுக்குகிறார்கள். நம் ஊர்த் துரட்டியை அறிந்தவர்களுக்கு அந்தக் கழுத்து வலி உடனே புரியும். பாம்பும் இல்லை, தேவதூதரும் இல்லை, வேலை மட்டும் இருக்கிறது. அடுத்த ஆண்டு வான்கோ இன்னும் ஒரு படி போனார். நண்பர்களான கோகெனும் பெர்னாரும் ஒலிவத் தோட்டத்தில் கிறிஸ்துவைக் கற்பனையாக வரைவது அவருக்குப் பிடிக்கவில்லை. தெற்குப் பிரான்சின் சான் ரெமியில் தன் கண்ணெதிரே இருந்த ஒலிவ மரங்களையும், ஏணி வைத்துக் காய் பறிக்கும் பெண்களையும் வரைந்தார். புனிதத்தைச் சொல்ல அவருக்கு அது போதும் என்று பட்டது.

சரி, இப்போது சிகாகோ.

1893ஆம் ஆண்டு அங்கே ஒரு மாபெரும் உலகக் கண்காட்சி நடந்தது. கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்து 400 ஆண்டு ஆனதைக் கொண்டாட எழுப்பிய தற்காலிக வெள்ளை நகரம். அதில் பெண்களுக்கென்று ஒரு கட்டடம் இருந்தது. அதை வடிவமைத்தவர் சோஃபியா ஹேடன், எம்ஐடி தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் 1890இல் கட்டடக்கலை முடித்து வெளியே வந்த இளம்பெண். மகளிர் குழுவின் தலைவி பெர்த்தா பாமர். மைய மண்டபத்தின் இரு முனைகளிலும் உயரத்தில் இரண்டு பெரிய சுவரோவியங்கள் வேண்டும் என்று முடிவானது. ஒன்று ஆதிகாலப் பெண், எதிரில் நவீனப் பெண். முதலாவதை மேரி ஃபேர்சைல்ட் மக்மோனிஸ் ஏற்றுக்கொண்டார். இரண்டாவது மேரி கஸாட்டிடம் வந்தது.

கஸாட்டுக்கு அப்போது 48 வயது. 1844இல் பென்சில்வேனியாவின் அலிகெனியில் பிறந்தவர். அந்த ஊர் இன்று பிட்ஸ்பர்க்கின் ஒரு பகுதி. ஓவியம் படிக்கப் பாரிஸுக்குப் போனார். ஆனால் அரசின் நுண்கலைப் பள்ளி பெண்களைச் சேர்க்காது. அதன் கதவு பெண்களுக்குத் திறந்தது 1897இல்தான். ஆகவே தனியாக ஆசிரியர் பிடித்துக் கற்றார், லூவ்ர் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து பழைய ஓவியங்களைப் பிரதி எடுத்துக் கற்றார். ஓவியர் தெகா அழைத்ததால், மாறும் வெளிச்சத்தைப் பிடிக்க முயன்ற இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களோடு சேர்ந்தார். கற்பது என்றால் என்ன, அது யாருக்குத் தரப்படுகிறது, யாருக்கு எட்டாத உயரத்தில் வைக்கப்படுகிறது என்பதெல்லாம் அவருக்கு உவமையாகத் தெரிந்தவை அல்ல, இருபது வயதில் பட்டவை.

பாரிஸுக்கு வடக்கே பாஷிவில்லியே என்ற கிராமத்தில் கண்ணாடிக் கூரை போட்டு ஒரு பட்டறை கட்டினார். ஏறத்தாழ 58 அடி அகலமும் 12 அடி உயரமும் கொண்ட படம் அது. ஏணியில் ஏறி இறங்கி வரைய அவருக்கு விருப்பமில்லை. தரையில் நீளப் பள்ளம் வெட்டி, கித்தானை அதற்குள் இறக்கிக்கொள்ளும்படி ஏற்பாடு செய்துகொண்டார். மேல்பகுதியை வரைய வேண்டுமென்றால் படம் கீழே போகும், அவர் நின்ற இடத்தில் நிற்பார். எட்டாத கிளையைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொள்ளும் இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்த விவரம்.

படம் மூன்று பகுதி. இடப்பக்கம், பறந்து போகும் புகழ் என்ற உருவத்தைத் துரத்தி ஓடும் சிறுமிகள். வலப்பக்கம், கலை, இசை, நடனம். நடுவில் எல்லாவற்றையும்விடப் பெரியதாக ஒரு பழத்தோட்டம். 'அறிவின் அல்லது அறிவியலின் கனிகளைப் பறிக்கும் இளம்பெண்கள்' என்பது அந்தப் பகுதியின் பெயர். அன்றைய நாகரிக உடையில் பல வயதுப் பெண்கள், சாதாரணமாகத் தோட்டத்தில் நிற்பது போல நிற்கிறார்கள். பறித்த பழம் மூத்தவள் கையிலிருந்து இளையவள் கைக்குப் போகிறது.

அறிவின் கனி. தமிழ் வேதாகமத்தில் அந்த மரத்தின் பெயர் 'நன்மை தீமை அறியத்தக்க விருட்சம்'. ஒரு பெண் அறிவை நோக்கிக் கை நீட்டியதால் மனிதகுலம் தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டது என்ற கதையை மனப்பாடமாக வைத்திருந்த மக்கள் முன்னால், அதே மரத்தை, அதே கையை, அதே பழத்தை வைத்துக் கஸாட் வேறு கதை சொன்னார். பாம்பு இல்லை. ஆதாம் இல்லை. வெளியேற்றம் இல்லை. எல்லோரும் தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். ஏவாளின் குற்றமே அறிவை விரும்பியதுதான் என்று சொன்ன மரபுக்கு, விரும்பினால் என்ன, பறி, அடுத்தவளுக்கும் கொடு என்று பதில்.

ஆண்கள் இல்லாதது உடனே கவனிக்கப்பட்டது. 1892 அக்டோபரில் பெர்த்தா பாமருக்கு எழுதிய கடிதத்தில் கஸாட் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். ஓர் அமெரிக்க நண்பர் சற்றுச் சிடுசிடுப்பாகக் கேட்டாராம்: அப்படியானால் இது ஆணோடு எந்த உறவும் இல்லாத பெண்ணா? ஆமாம் என்று பதில் சொன்னேன் என்கிறார் கஸாட். மற்றக் கட்டடங்களின் சுவர்களில் ஆண்கள் தங்கள் முழு வலிமையோடும் இருப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். அதே கடிதத்தில், இது கொண்டாட்டத்துக்கான நேரம், அதனால் படம் முடிந்தவரை பளிச்சென்று, கலகலப்பாக இருக்க வேண்டும் என்று விரும்பியதாகவும் எழுதுகிறார்.

அந்தப் பளிச்சென்ற நிறமே வினையானது. பச்சையும் நீலமும் கண்ணைக் குத்துகின்றன என்றார்கள், உருவங்கள் அந்த உயரத்துக்குச் சிறியவை என்றார்கள். இரண்டாவது விமர்சனத்தில் நியாயம் இருந்திருக்கலாம். பள்ளத்தில் இறக்கிக் கண்மட்டத்தில் வரைந்த படம் மண்டபத்தின் உச்சியில் போய் உட்கார்ந்தது. கண்காட்சி 1893 அக்டோபர் இறுதியில் முடிந்தது. கட்டடம் இடிக்கப்பட்டது. இரண்டு சுவரோவியங்களும் தொலைந்துபோயின. அன்று எடுத்த புகைப்படங்களையும் அச்சில் வந்த பிரதிகளையும் வைத்துத்தான் இன்று அவற்றைப் பற்றிப் பேசுகிறோம். பெண்கள் வரலாற்றுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று நினைக்கும்போது மனம் ஆறவில்லை.

ஆனால் அந்தத் தோட்டம் முழுதாக அழிந்துவிடவில்லை. 1891 கோடையிலேயே கஸாட் இந்த விஷயத்தைத் தொட்டிருந்தார். இரண்டு பெண்கள், ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், ஒருத்தி நின்று கையை உயர்த்திப் பழம் பறிக்கிறாள். இந்த ஓவியத்தை 1922இல் பிட்ஸ்பர்க்கின் கார்னகி நிறுவனம் வாங்கியது. அவர் பிறந்த ஊருக்கே போய்ச் சேர்ந்தது. அப்போது கஸாட்டுக்கு 78 வயது, கண் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. கார்னகியின் இயக்குநருக்கு அவர் எழுதிய கடிதம், பழம் பறிக்கும் ஓவியங்களைப் பற்றி நான் படித்தவற்றிலேயே மறக்க முடியாதது. படத்தைப் பார்த்துவிட்டுத் தெகா தன்னைப் பார்க்க வந்தார் என்கிறார். லேசில் பாராட்டாத மனிதர் அவர். ஆனால் பழம் பறிக்கும் அந்தக் கையின் கோட்டைப் பற்றிப் பேசினார், அந்தக் கோட்டைக் காற்றில் சைகையால் வரைந்து காட்டினார். பிறகு சொன்னார்: இப்படி வரைய எந்தப் பெண்ணுக்கும் உரிமை இல்லை.

தெகா அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். அதுவே வேதனை. பறிக்கும் ஒரு பெண்ணின் கையை ஒரு பெண் வரைகிறாள், அந்தக் கோடு அவளுக்கு உரியதல்ல என்று பாராட்டு வருகிறது. ஏதேனில் கேட்ட அதே குரல்: அது உனக்கு விலக்கப்பட்டது. முப்பது ஆண்டு கழித்து அதை நினைவுகூரும் கஸாட்டிடம் கசப்பு இல்லை. இந்தப் படம் காலத்தைத் தாண்டி நின்றிருந்தால், நன்றாக வரையப்பட்டிருந்தால், அருங்காட்சியகத்தில் அது இருப்பது இன்றைய தலைமுறைக்கு ஒன்றைக் காட்டும், நாங்கள் உழைத்தோம், எங்கள் தொழிலைக் கற்றுக்கொண்டோம் என்பதை, என்று எழுதுகிறார்.

அதே கடிதத்தில் இன்னொரு தகவல்: சக ஓவியரான பெர்த் மோரிசோவுக்கு இந்தப் படம் பிடிக்கவில்லையாம். எனக்கு அது புரிகிறது என்கிறார் கஸாட். நமக்கும் புரியும், அதே 1891இல் மேசி கிராமத்தில் மோரிசோ வரைந்துகொண்டிருந்த செர்ரி மரத்தைப் பார்த்தால். ஏணி மேல் ஒரு பெண் கை நீட்டிப் பறிக்கிறாள், கீழே ஒருத்தி கூடையை ஏந்துகிறாள். மகள் ஜூலியும் அக்கா மகளும் மாதிரிகளாக நின்றார்கள். கஸாட்டின் கோடு கெட்டியானது, கை எங்கே முடிகிறது, இலை எங்கே தொடங்குகிறது என்று சந்தேகமே வராது. மோரிசோவிடம் எல்லாம் ஒன்றில் ஒன்று கரைகிறது. உடையும் இலையும் வெளிச்சமும் ஒரே இழுப்பில் போகின்றன. ஒரே கோடைக்காலம், ஒரே விஷயம், இரண்டு நண்பர்கள், இரண்டு மனம். இதில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

சுவரோவியத்தோடு சேர்ந்து பிறந்த சிறிய படைப்புகள் சிலவும் தப்பிப் பிழைத்தன. அதில் ஒன்று, 1893இல் வரைந்தது, வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆப்பிள் மரத்தடியில் ஒரு பெண் நிற்கிறாள். உடுப்பில்லாத குழந்தை ஒன்றை ஒரு கையில் ஏந்தியிருக்கிறாள். குழந்தைக்குக் கிளை எட்டாது. கொரெஜ்ஜோவின் பேரீச்சையை வளைக்க மேகத்திலிருந்து தேவதூதர்கள் வரவேண்டியிருந்தது. இங்கே அவள் தன் மறுகையாலேயே கிளையைப் பிடித்து வளைத்து, குழந்தையின் உயரத்துக்குக் கொண்டுவருகிறாள். குழந்தை ஆப்பிளைத் தொட்டுவிட்டது.